ஊரான் பிள்ளை, தன் பிள்ளை

தமிழ்நாட்டில் நர்சரிப் பள்ளிப் பலகையில் 'மாண்டிசோரி' என்ற பெயரைப் பார்க்காத ஊர் குறைவு. அந்தப் பெயருக்குரிய அம்மாள் கொடைக்கானலில் குடியிருந்தவர் என்பது பலருக்குத் தெரியாது. 1942 முதல் 1944 வரை, உலகப் போர் நடந்துகொண்டிருந்த நாட்களில், எழுபது வயதைக் கடந்த மரியா மாண்டிசோரி தன் மகன் மாரியோவுடன் இந்த மலையில் வாழ்ந்தார். இன்று வசதியான வீட்டுக் குழந்தைகளின் பள்ளியோடு சேர்த்துப் பேசப்படும் அவருடைய கல்விமுறை, அறிவுசார் குறைபாடுள்ள குழந்தைகளுக்காக ரோம் நகரில் நடந்த ஒரு சிறப்புப் பள்ளியில் வேர்விட்டது.

அந்தப் பள்ளியில் அவர் வேலை பார்த்தபோது அவருடைய சொந்தப் பிள்ளை எங்கே இருந்தான்? வாழ்க்கை வரலாற்றில் ஒதுங்கிக் கிடக்கும் கேள்விபோல இது தோன்றலாம். ஆனால் சிறப்புப் பள்ளிக்கு வேலைக்குப் போகும் பெண்கள் தினமும் காலையில் வீட்டுக் கதவைச் சாத்தும்போது எதிர்கொள்ளும் கேள்வியும் இதுதான்.

மாண்டிசோரி 1896-ல் மருத்துவப் பட்டம் பெற்றார். ரோம் பல்கலைக்கழக மனநல மருத்துவமனையில் பணிபுரிந்தபோது மனநலக் காப்பகங்களுக்குப் போய்வருவது அவர் வேலைகளில் ஒன்று. அங்கே அறிவு வளர்ச்சி குன்றிய குழந்தைகளையும் வெறும் அறையில் அடைத்து வைத்திருந்தார்கள். சாப்பாடு முடிந்ததும் அந்தப் பிள்ளைகள் தரையில் விழுந்து ரொட்டித் துணுக்குகளைப் பொறுக்குவதைக் காவல் பார்த்த பெண் பெருந்தீனி என்று அருவருப்போடு சொன்னாள். மாண்டிசோரிக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த அறையில் கையால் தொட்டுப் பார்க்க அந்தத் துணுக்குகளைத் தவிர வேறொன்றும் இல்லை என்பதை அவர் கவனித்தார். பிரான்சின் இதார், செகான் ஆகியோர் இத்தகைய குழந்தைகளைப் பற்றி எழுதியவற்றைத் தேடிப் படித்தார்.

1900-ல் ரோமில் இந்தக் குழந்தைகளுக்கான பள்ளியும், அவர்களுக்குக் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கான பயிற்சியும் ஒரே நிறுவனமாகத் தொடங்கின. மாண்டிசோரியும் சக மருத்துவர் ஜுசெப்பே மாண்டெசானோவும் அதன் இயக்குநர்கள். காலை எட்டு மணி முதல் மாலை ஏழு மணி வரை இடைவிடாமல் குழந்தைகளோடு இருந்ததாகவும், இரவில் உட்கார்ந்து குறிப்புகளைத் தொகுத்ததாகவும் மாண்டிசோரியே பின்னாளில் எழுதியிருக்கிறார். அப்படிப் பதினொரு மணி நேர நாட்களாக இரண்டு ஆண்டுகள் ஓடின. அவரிடம் படித்த சில பிள்ளைகள் மற்றப் பிள்ளைகள் எழுதும் பொதுத் தேர்வையே எழுதித் தேறினார்கள். ஊர் வியந்து பாராட்டியது. இந்தப் பிள்ளைகளே இவ்வளவு செய்ய முடியும் என்றால் சாதாரணப் பள்ளிகளில் மற்றப் பிள்ளைகளை எவ்வளவு மட்டமாக நடத்துகிறோம் என்று அவர் யோசித்தார். 1907-ல் ரோமின் சான் லொரென்ஸோ சேரிப் பகுதியில் தொடங்கிய குழந்தைகள் இல்லத்துக்கு அந்த யோசனை வழிவிட்டது. உலகம் அறிந்த மாண்டிசோரி வரலாறு பெரும்பாலும் அங்கிருந்தே தொடங்குகிறது.

மாரியோ பிறந்தது 1898 மார்ச் 31. தந்தை, அதே மாண்டெசானோ. இருவருக்கும் திருமணம் ஆகவில்லை. பிள்ளை பிறந்த செய்தி வெளியே தெரிந்திருந்தால் அந்தக் கால இத்தாலியில் ஒரு பெண் மருத்துவரின் தொழில் அன்றோடு முடிந்திருக்கும். எனவே கைக்குழந்தை ரோமுக்கு வெளியே கிராமத்தில் ஒரு குடும்பத்திடம் வளரப் போனான். தாய் பள்ளியில் ஊரான் பிள்ளைகளுக்குப் பொத்தான் போடச் சொல்லிக்கொடுத்த அந்த இரண்டு ஆண்டுகளில் அவனுக்கு இரண்டு, மூன்று வயது. 1901-ல் மாண்டெசானோ வேறொரு பெண்ணை மணந்தார். மாண்டிசோரி பள்ளியை விட்டு விலகினார். மாரியோ தாயோடு வந்து சேர்ந்தபோது அவனுக்குப் பதினைந்து வயது. அதன் பிறகும் வெகுகாலம் மருமகன் உறவுப் பையன் என்றோ வளர்ப்பு மகன் என்றோதான் வெளியாருக்கு அறிமுகம்.

ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள். சிறப்புப் பள்ளியில் வேலை பார்க்கும் பெண்ணிடம் பெரியவர்கள் ஆறுதலாகச் சொல்வதும் இதைத்தான். மாரியோ தானே வளரவில்லை. கிராமத்தில் பெயர் தெரியாத ஒரு பெண் வளர்த்தாள். ஒரே பள்ளிக்கு இரண்டு இயக்குநர்கள், இருவருக்கும் பொதுவாக ஒரு பிள்ளை. பிள்ளையா வேலையா என்று தேர்ந்தெடுக்க வேண்டிய நிலை ஒருவருக்கு மட்டும்தான் வந்தது. மாண்டெசானோவின் மருத்துவ வாழ்க்கை தடங்கலில்லாமல் தொடர்ந்தது.

இந்தக் கதை கொடைக்கானலுக்கு வந்த விதம் இன்னொரு பிரிவால் ஆனது. 1939 நவம்பரில் தியசாபிகல் சொசைட்டியின் அழைப்பில் தாயும் மகனும் சென்னை அடையாறுக்கு வந்தார்கள். 1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கியதும் பிரிட்டிஷ் அரசுக்கு இருவரும் எதிரி நாட்டவர் ஆனார்கள். மாரியோவை அகமத்நகர் முகாமில் அடைத்தார்கள். மாண்டிசோரியின் எழுபதாவது பிறந்தநாளான ஆகஸ்ட் 31-ஐ ஒட்டி மாரியோவை விடுவித்த அரசு, தன் செய்தியில் 'மகன்' என்றே குறிப்பிட்டது. நாற்பது ஆண்டுகள் மூடி வைத்திருந்த உறவை அரசாங்கத் தந்தி ஒன்று போட்டு உடைத்தது.

கொடைக்கானலில் அவர்கள் இருந்த வீட்டிலேயே ஒரு சிறிய பள்ளி நடந்தது. இலங்கையைச் சேர்ந்த லேனா விக்ரமரத்ன உடனிருந்து உதவினார். வெவ்வேறு வயதுப் பிள்ளைகள் ஒன்றாகப் படித்தார்கள். மலையில் கிடைத்த செடி, இலை, பூச்சி எல்லாம் பாடப்பொருளாயின. ஆறு வயதுக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கான மாண்டிசோரி பாடத்திட்டத்தின் பெரும்பகுதி உருவானது இங்கேதான். தாயின் வேலையில் பாதியை மாரியோ சுமந்தார். அதே நேரத்தில் மாரியோவின் நான்கு பிள்ளைகள் ஜெர்மனி பிடித்துக்கொண்ட ஹாலந்தில் ஒரு நண்பர் குடும்பத்தின் பொறுப்பில் வளர்ந்தார்கள். அவர் அவர்களைத் திரும்பப் பார்த்தது 1946-ல்.

கொடைக்கானல் ஊருக்கே இப்படி ஒரு பூர்வகதை உண்டு. மதுரைச் சமவெளியில் நோயால் ஆட்களை இழந்த அமெரிக்க மிஷனரிகள் 1845-ல் இங்கே முதல் இரண்டு வீடுகளைக் கட்டினார்கள். 1901-ல் ஹைகிளெர்க் என்ற பெயரில் அவர்கள் தொடங்கிய பள்ளிதான் இன்றைய கொடைக்கானல் சர்வதேசப் பள்ளி. பெற்றோர் கீழே வேலை செய்ய, பிள்ளைகள் மேலே விடுதியில் படித்தார்கள். காசும் ஆள்பலமும் இருந்தவர்கள் வேலைக்கும் பிள்ளைக்கும் இடையிலான இழுபறிக்குக் கண்ட தீர்வு அது.

இதே மலையில் பிறந்து, இங்கேயே வேலைக்குப் போகும் பெண்ணுக்கு அந்த வசதி இல்லை.

சிறப்புப் பள்ளி வேலை எப்படிப்பட்டது என்று வெளியே இருப்பவர்களுக்குச் சரியாகத் தெரிவதில்லை. 'பாவப்பட்ட பிள்ளைங்க, புண்ணியம் டீச்சர் உங்களுக்கு' என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். புண்ணியம் என்று சொல்லிவிட்டால் சம்பளத்தைப் பற்றிப் பேச வேண்டியதில்லை அல்லவா? உண்மையில் அது கணக்கும் நுணுக்கமும் நிறைந்த வேலை. சென்னை விஜய் ஹ்யூமன் சர்வீசஸ் நிறுவனத்தின் ஜெயச்சந்திரனும் விமலாவும் உருவாக்கிய 'மெட்ராஸ் டெவலப்மென்டல் புரோகிராமிங் சிஸ்டம்' என்ற மதிப்பீட்டு முறை இந்தியச் சிறப்புப் பள்ளிகளில் பரவலாகப் பயன்படுவது. அதில் 18 துறைகள், துறைக்கு 20 வீதம் 360 செயல்கள். நடப்பது, சாப்பிடுவது, உடுத்துவது, கழிப்பறை போவது, பேச்சைப் புரிந்துகொள்வது, நேரம், பணம், வீட்டு வேலை என்று அது விரியும். ஒவ்வொரு குழந்தையும் இவற்றில் எதைச் செய்கிறது, எதைச் செய்யவில்லை என்று குறித்து, அடுத்த சில மாதங்களுக்கான இலக்கை ஆசிரியை எழுத வேண்டும். சட்டை போடுவது ஒரு செயல் என்று நாம் நினைக்கிறோம். கையை நுழைப்பது, தோளுக்கு மேல் இழுப்பது, மறு கையைத் தேடுவது, பொத்தானைத் துளைக்கு நேராகக் கொண்டுவருவது என்று அங்கே அது பல பாடங்கள். பொத்தான், ஜிப், நாடா தைத்த மரச்சட்டங்களைக் கொடுத்துப் பழக்கும் முறை மாண்டிசோரி செகானிடமிருந்து எடுத்து வளர்த்தது. இன்றும் சிறப்புப் பள்ளிகளில் அதைப் பார்க்கலாம்.

கொடைக்கானல் போன்ற இடத்தில் இதோடு ஸ்வெட்டர், சாக்ஸ், மங்கி கேப் சேர்கின்றன. 7,000 அடி உயரத்துக் குளிரில் மூளை முடக்குவாதம் உள்ள குழந்தையின் தசைகள் மேலும் இறுகும். கை கால்களைத் தேய்த்துச் சூடாக்கித் தளர்த்திய பிறகுதான் பயிற்சி. வலிப்பு வரும் குழந்தை, திடீரென்று ஓடும் குழந்தை, தன் கையைத் தானே கடித்துக்கொள்ளும் குழந்தை எல்லோரும் ஒரே அறையில் இருக்கலாம். ஆசிரியையின் கண் அவர்களை விட்டு நகர முடியாது. பதின்வயதுப் பிள்ளையைத் தூக்கி நாற்காலியில் உட்கார வைத்து இடுப்பு பிடித்துக்கொள்வது ஆயாவுக்கும் பிசியோதெரபிஸ்ட்டுக்கும் புதிதல்ல.

மாலை நான்கு மணிக்கு வேன் கிளம்பினால் இன்னொரு நாள் ஆரம்பம். இந்திய அரசின் 2019-ம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்காக ஒரு நாளில் 299 நிமிடங்கள் செலவிடுவதாகவும் ஆண்கள் 97 நிமிடங்கள் செலவிடுவதாகவும் தெரிந்தது. சுமார் ஐந்து மணி நேரத்துக்கு எதிரே ஒன்றரை மணி நேரம். பள்ளியில் செய்ததும் ஊட்டுவது, கழுவுவது, உடுத்துவது. வீட்டில் செய்வதும் அதுவே. வங்கியில் வேலை பார்க்கும் பெண் வீட்டுக்கு வந்து சமைக்கும்போது கைக்காவது வேறு வேலை கிடைக்கிறது. சிறப்புப் பள்ளி ஆசிரியைக்கு அதுவும் இல்லை. அவருடைய பொறுமை முழுவதும் பகலிலேயே செலவாகியிருக்கும். கணக்கு வராத சொந்த மகளுக்கு மாலையில் மிஞ்சுவது என்ன?

மலை இந்த நேரத்திலிருந்து இன்னும் கொஞ்சம் தின்றுவிடுகிறது. பண்ணைக்காடு, தாண்டிக்குடி, பூம்பாறை, மன்னவனூர் என்று ஊர்கள் மலை முழுதும் சிதறிக் கிடக்கின்றன. ஒரு பஸ் போனால் அடுத்தது எப்போது என்பது மூடுபனிக்கும் மழைக்கும்தான் தெரியும். அக்டோபர், நவம்பரில் மண் சரிந்தால் பாதை அடைபடும். தொடர் விடுமுறை வந்தால் சுற்றுலா வாகனங்களே பாதையை அடைத்துவிடும். உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் இ-பாஸ் நடைமுறைக்கு வந்ததற்கு இந்த நெரிசலும் காரணம். பெண்களுக்கான கட்டணமில்லாப் பஸ் பயணத்தைக் கொடைக்கானல் உள்ளிட்ட மலைப் பகுதிகளுக்கும் நீட்டிப்பதாக 2024-25 தமிழக பட்ஜெட் அறிவித்தது. மாதக் கடைசியில் அது உதவும். பஸ் வரும் நேரத்தை அது மாற்றாது.

பள்ளிக்கே வர முடியாத பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் சிறப்புப் பயிற்றுநர்கள் கடுமையான குறைபாடுள்ள குழந்தைகளின் வீடு தேடிப் போய்ப் பயிற்சி தர வேண்டும். வட்டக்கானலிலிருந்து காட்டுப் பாதையில் இறங்க வேண்டிய வெள்ளகவி, பெரியகுளம் பக்கமிருந்து ஏற வேண்டிய சின்னூர், பெரியூர் போன்ற ஊர்கள், நோயாளியை டோலி கட்டித் தூக்கி வந்த செய்திகளால் வெளியுலகுக்குத் தெரிந்தவை. நடக்க முடியாத குழந்தை அப்படியொரு ஊரில் பிறந்தால், பயிற்றுநர் நடந்தாக வேண்டும். அன்று மாலை வீட்டில் அடுப்பு எரிய வேறு யாராவது இருக்க வேண்டும்.

சட்டம் குழந்தையைப் பற்றி நன்றாகவே யோசித்திருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 இருபத்தொரு வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. 40 விழுக்காடோ அதற்கு மேலோ குறைபாடுள்ள குழந்தை 6 முதல் 18 வயது வரை, அருகிலுள்ள பள்ளியிலோ விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ இலவசமாகப் படிக்கலாம். 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், நிரந்தர விதிகள் வரும்வரை பின்பற்ற வேண்டிய விகிதத்தையும் சொன்னது: மூளை முடக்குவாதம் உள்ள எட்டுக் குழந்தைகளுக்கு ஓர் ஆசிரியர், அறிவுசார் குறைபாடோ ஆட்டிசமோ உள்ள ஐந்து பேருக்கு ஒருவர், பார்வையும் செவியும் இரண்டும் இல்லாத இரண்டு பேருக்கு ஒருவர்.

இந்த விகிதத்தை ஆசிரியையின் வீட்டிலிருந்து பார்த்தால் வேறு மாதிரி தெரிகிறது. நாற்பது பேர் வகுப்பில் ஒரு டீச்சர் லீவு போட்டால் பக்கத்து வகுப்பு டீச்சர் எட்டிப் பார்த்துக்கொள்வார். சிறப்புப் பள்ளியில் அது நடக்காது. ஆட்டிசம் உள்ள பல குழந்தைகளுக்கு முகம் மாறினாலே நாள் குலைந்துவிடும். பழகிய கை ஊட்டினால்தான் சில குழந்தைகளுக்குச் சோறு இறங்கும். ஐந்து பேருக்கு ஒருவர் என்பது அந்த ஐவருக்கு அவரே ஒருவர் என்று ஆகிவிடுகிறது. அதனால்தான் சொந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல் அடிக்கும் நாளில்கூட அவர் மாமியாரிடம் மருந்தைக் கொடுத்துவிட்டு, 'அத்தை, பதினோரு மணிக்கு ஒரு மூடி குடுத்துடுங்க' என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறுகிறார். மாமியார் இல்லாத வீடுகளைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

எந்தப் பெண்ணுக்கு எவ்வளவு விடுப்பு என்பது அவரை யார் வேலைக்கு வைத்திருக்கிறார் என்பதைப் பொறுத்தது. தமிழக அரசின் நிரந்தரப் பெண் ஊழியர்களுக்கு 2021 ஜூலை முதல் ஓராண்டு மகப்பேறு விடுப்பு. தனியார் நிறுவனங்களில் 2017 முதல் சட்டப்படி 26 வாரம். ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. தொண்டு நிறுவனம் நடத்தும் ஒரு மலைச் சிறப்புப் பள்ளியில் ஐம்பது ஊழியர்கள் எங்கே இருக்கப் போகிறார்கள்? பகல் முழுதும் குழந்தைகளைக் கவனிப்பதற்கென்றே இருக்கும் கட்டடத்தில் ஊழியரின் குழந்தைக்கு இடம் தரச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை.

நம் நாட்டில் சிறப்புப் பள்ளிகள் பலவற்றின் தொடக்கத்தைத் தேடிப் போனால் ஒரு தாய் நிற்பார். மும்பையில் மிது அலூர் 1972-ல் ஸ்பாஸ்டிக்ஸ் சொசைட்டியைத் தொடங்கியது மூளை முடக்குவாதத்தோடு பிறந்த மகள் மாலினிக்குப் பள்ளி கிடைக்காததால். சென்னையில் 1985-ல் பூனம் நடராஜன் ஒரு கார் ஷெட்டில் சில குழந்தைகளோடு தொடங்கிய பள்ளி இன்றைய வித்யாசாகர். அவருடைய மகனுக்கும் அதே குறைபாடு. பின்னாளில் அவர் மத்திய அரசின் தேசிய அறக்கட்டளைக்குத் தலைவரானார். மாண்டிசோரி பிள்ளையைத் தள்ளி வைத்துப் பள்ளிக்குப் போனார் என்றால், இவர்கள் பிள்ளையின் பொருட்டே பள்ளியைக் கட்டினார்கள். இதனால் சுமை குறைந்துவிட்டது என்று சொல்ல முடியாது. வீட்டிலும் அதே வேலை, பள்ளியிலும் அதே வேலை என்று இருப்பவர்களுக்கு வெளியே போக வாசலே இல்லை. ஆனாலும் ஒரு வேறுபாடு உண்டு: தாங்களே நடத்தும் இடத்தில் நேரத்தை வகுப்பது அவர்கள் கையில் இருந்தது.

சென்னையின் மதுரம் நாராயணன் மையம் 1989-லிருந்து பச்சிளம் வயதுக் குழந்தைகளுக்குப் பயிற்சி தருகிறது. அங்கே தாயோ பாட்டியோ தந்தையோ குழந்தையோடு உட்கார்ந்து கற்றுக்கொள்ள வேண்டும். வீட்டில் தொடர வேண்டியவர்கள் அவர்கள்தான். குடும்பம் கற்றுக்கொண்டால் எல்லாப் பளுவும் ஆசிரியை தலையில் விழாது.

மலைக்கு இன்னும் பொருத்தமான பாடம் மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்து ஆய்க்குடியில் இருக்கிறது. 1975-ல் கடற்படைத் தேர்வின்போது ஏற்பட்ட விபத்தில் கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன், 1981-ல் அங்கே அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். 2020-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. அந்த அமைப்பில் சமூக மறுவாழ்வுப் பணியாளர்கள் கிராமங்களில் வீடு வீடாகப் போய்க் குழந்தைகளுக்குப் பயிற்சி தருகிறார்கள்; குழந்தையின் முன்னேற்றத்தைக் கைப்பேசிச் செயலியில் பதிகிறார்கள்; தேர்ந்த சிகிச்சையாளர்கள் அதைப் பார்த்து வழிநடத்துகிறார்கள். மன்னவனூர்ப் பெண் ஒருவருக்கு இப்படிப் பயிற்சி கொடுத்து மன்னவனூர்க் குழந்தைகளையே ஒப்படைத்தால், தினமும் பஸ்ஸில் போகும் மணிக்கணக்கு மிச்சம். மதியம் வீட்டுக்குப் போய்த் தன் பிள்ளை சாப்பிட்டதா என்று பார்த்துவிட்டு வரலாம். பெரிய கட்டடம் தேவையில்லை. பயிற்சியும் ஒழுங்கான சம்பளமும் தேவை.

நீதிமன்றங்களும் வீட்டுப் பக்கம் திரும்பத் தொடங்கியிருக்கின்றன. பிறவி எலும்பு நோயுள்ள மகனைக் கவனிக்க விடுப்பு மறுக்கப்பட்ட இமாச்சலப் பிரதேச அரசுக் கல்லூரி உதவிப் பேராசிரியை ஒருவரின் வழக்கில், பெண்கள் வேலையில் பங்கேற்பது சலுகை அல்ல, அரசமைப்புச் சட்டத்தின் தேவை என்று 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025 மார்ச்சில், எல்லா மாநிலங்களும் சிறப்பாசிரியர் பணியிடங்களை அறிவித்து நிரப்ப வேண்டும், ஆண்டுக்கணக்கில் ஒப்பந்தத்தில் இருக்கும் தகுதியுள்ளவர்களைக் குழு அமைத்துப் பரிசீலிக்க வேண்டும் என்று உத்தரவிட்டது.

மலையில் தொகுப்பூதியத்தில் இருக்கும் ஒரு பயிற்றுநருக்கு இந்த உத்தரவின் பலன் மிக நேரடியானது. நிரந்தரப் பணி கிடைத்தால் ஓராண்டு மகப்பேறு விடுப்பு வரும், அரசு ஊழியர்களுக்கு உள்ள மலைப்படி வரும். தொண்டு நிறுவனப் பள்ளிகளில் இருப்பவர்களுக்கு அதுவும் வராது. அவர்களுக்கு உடனே செய்யக்கூடிய ஒன்று சட்டத்திலேயே ஒளிந்திருக்கிறது. குழந்தைகள் காப்பகத்தை ஒவ்வொரு நிறுவனமும் தனியாகத்தான் வைக்க வேண்டும் என்பதில்லை. பொது வசதியாகவும் வைத்துக்கொள்ளலாம். கொடைக்கானல் டவுனில் பெரிய ஓட்டல்களும் உறைவிடப் பள்ளிகளும் இருக்கின்றன. ஐம்பது பேரோ அதற்கு மேலோ வைத்திருக்கும் நிறுவனங்களுக்கு இந்தக் கடமை ஏற்கெனவே உண்டு. நகராட்சி அவற்றைக் கூட்டி உட்கார வைத்துப் பொதுக் காப்பகம் ஒன்று ஏற்படுத்தினால், சிறப்புப் பள்ளி ஊழியர்களின் பிள்ளைகளையும் அதில் சேர்த்துக்கொள்ளப் புதிய சட்டம் எதுவும் வேண்டாம். காலை எட்டு மணிக்குத் திறக்க வேண்டும், கடைசி பஸ் வரும்வரை மூடக் கூடாது.